வருஷா வருஷம் ஏ.சி.யில் கேஸ் குறையுமா?

சென்னையின் தெற்குப் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். அவருடைய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"10-க்கு 12 அடி படுக்கையறை. நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏ.சி.; ஆர்-32 கேஸ். உடம்பு முடியாத மாமியார் அந்த அறையில்தான் இருக்கிறார். அதனால் ராத்திரி முழுக்க ஓடும். ரிமோட்டில் 18, காற்று நேராக அவர் மேல் படக்கூடாது என்று ஃபேன் மட்டும் 'லோ'. இரண்டாவது கோடையில் குளிர்ச்சி குறைந்தது. பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர் கேஜ் (கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டிப் பார்த்து, 'எண்பதுதான் காட்டுது, நூத்திருபது இருக்கணும், கேஸ் கம்மி' என்று ஏற்றிவிட்டுப் போனார். அடுத்த கோடையிலும் அதே, இந்த ஏப்ரலிலும் அதே. ஒவ்வொரு தடவையும் வாட்டர் சர்வீஸும் கேஸ் டாப்-அப்பும் சேர்த்து 3,000 ரூபாய்க்குப் பக்கம். இந்த முறை மூன்றே வாரத்தில் புதுத் தொல்லை. படுக்கும்போது நன்றாகக் குளிர்கிறது. இரண்டு மணிக்கு மேல் காற்றே வருவதில்லை. விடியற்காலையில் இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மூடியைத் திறந்தால் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முழுக்கப் பனி, வெளியே தடிமனான குழாயிலும் பனி. 'காயில்ல பொத்தல், மாத்த 16,000 ஆகும், புதுசே வாங்கிடுங்க' என்கிறார் அவர். வாங்குவதென்றால் 2 டன்னாக வாங்கலாம் என்கிறார் என் கணவர். கேஸ் வருஷா வருஷம் தீர்வது இயல்புதானே? ஃபில்டரை மாதம் ஒருமுறை நானே கழுவுகிறேன். காயில் மாற்றுவதா, புதிது வாங்குவதா? மூன்று முறை கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?"

கூடவே நாலு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

காயிலும் மாற்ற வேண்டாம், புது ஏ.சி.யும் வேண்டாம், இப்போதைக்கு இரண்டையும் நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் ஏ.சி.க்குக் குறைந்திருப்பது காற்று. கேஸ் ஒருவேளை அளவுக்கு மேலேயே இருக்கலாம். நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சரியா தவறா என்று நீங்களே பாதி சோதித்துவிடலாம், மீதியை ஓர் எடை மிஷின் சொல்லிவிடும்.

முதலில் உங்கள் நம்பிக்கை ஒன்றைத் திருத்த வேண்டும். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. கம்ப்ரெஸர், அவுட்டோர் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, இண்டோர் காயில் என்று மூடிய சுற்றில் அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பொருத்தும்போது சரியாகப் பொருத்தியிருந்தால் பத்து வருஷமானாலும் அதே கேஸ்தான். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகினால் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் ஏற்றுகிறவர் அடுத்த வருஷத்து வருமானத்துக்கும் சேர்த்து ஏற்றுகிறார் என்று சொன்னால் எங்கள் தொழில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லித்தான் ஆகவேண்டும்.

"ஆனால் கேஸ் போட்டதும் நன்றாகக் குளிர்ந்ததே?" என்று கேட்பீர்கள். உங்கள் பில்லைப் பாருங்கள். மூன்று முறையும் கேஸோடு வாட்டர் சர்வீஸும் நடந்திருக்கிறது. அழுக்குப் போனதால் காற்று கூடியது, காற்று கூடியதால் குளிர்ந்தது. பெயர் வாங்கிக்கொண்டது கேஸ்.

எண்பது, நூற்றிருபது: கேஜ் எதைச் சொல்கிறது?

அவர் சொன்ன எண்கள் பொய்யில்லை. அவற்றுக்குக் கொடுத்த விளக்கம்தான் அவசரம். ஆர்-32 கேஸ் சுமார் 120 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் 4 டிகிரியை ஒட்டிக் கொதித்து ஆவியாகும். 103 வாக்கில் இருந்தால் 0 டிகிரி. 80 என்றால் காயில் உறைநிலைக்குக் கீழே போய்விட்டது, மேலே படுகிற ஈரம் பனியாகும். இதுவரை சரி.

ஏன் 80-க்கு இறங்கியது என்பதுதான் கேள்வி. கேஸ் குறைந்தாலும் இறங்கும். காயில் மேல் போதுமான காற்று போகாவிட்டாலும் இறங்கும். அறையின் வெப்பம் வந்து சேராததால் உள்ளே கேஸ் சரியாகக் கொதிக்காது, அழுத்தம் விழும். இரண்டு நோய்க்கும் கேஜில் ஒரே முள், ஒரே எண். இரண்டையும் பிரித்துப் பார்க்க, கேஜோடு தடிமனான குழாயின் வெப்பநிலையையும் அளக்க வேண்டும். கேஜ் காட்டும் கொதிநிலையைவிடக் குழாய் மிகவும் சூடாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலோ, குழாயில் பனியே பிடித்திருந்தாலோ, ஆவியாகாத திரவம் அதுவரை வந்துவிட்டது. காற்று குறைந்தோ கேஸ் கூடியோ இருந்தால்தான் அப்படி வரும். உங்கள் அவுட்டோர் படத்தில் தடிமனான குழாய் வெள்ளைவெளேரென்று இருக்கிறது.

இன்வெர்ட்டர் ஏ.சி.யில் இன்னொரு சிக்கல். கம்ப்ரெஸர் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். டெஸ்ட் மோடில் ஒரே வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்காத ரீடிங்கை நம்பி எதுவும் ஏற்றக்கூடாது. சிலர் மெஷினை நிறுத்திவிட்டு "நின்ன பிரஷர்" பார்ப்பார்கள். 30 டிகிரி வெயிலில் அது 265 பி.எஸ்.ஐ.க்குப் பக்கம் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை, பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அதே எண்தான். சமையல் கேஸ் சிலிண்டரில் கடைசிவரை அடுப்பு ஒரே மாதிரி எரியவில்லையா? எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரைத் தூக்கித்தான் பார்க்கிறோம். இங்கும் எடைதான் பேசும்.

பொத்தல் என்கிற கதையும் உங்கள் அறிகுறிகளோடு ஒட்டவில்லை. ஸ்ப்ளிட் ஏ.சி.யில் கேஸ் குறைந்தால் முதலில் மெல்லிய குழாயிலும், காயிலில் அது நுழைகிற ஓரத்திலும் பனி பிடிக்கும். மற்ற பாகம் வறண்டு கிடக்கும், படுக்கப்போகும்போதே குளிர்ச்சி இருக்காது. உங்களுக்கு முன்னிரவில் நன்றாகக் குளிர்கிறது, பிறகு காயில் முழுவதும் சமமாக உறைகிறது. கேஸ் இல்லாத மெஷினால் அப்படி உறைய முடியாது.

படத்தில் நான் பார்த்தது

ஃபில்டரை மாதாமாதம் கழுவுகிறீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமியார் நாள் முழுக்க இருக்கும் அறை என்பதால் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஷட்டருக்கு உள்ளே நீளமாக உருளை மாதிரி தெரிகிறதே, அதுதான் ப்ளோவர். அதன் ஒவ்வொரு தகடும் உள்பக்கம் சற்றுக் குழிந்திருக்கும். அந்தக் குழிவுதான் காற்றை அள்ளித் தள்ளுகிறது. உங்கள் ப்ளோவரில் குழிவே இல்லை. கறுப்பாக, பஞ்சுபோல ஏதோ ஒன்று நிரவி மட்டமாக்கியிருக்கிறது. உருளை அதே வேகத்தில்தான் சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் வராது. சாம்பிராணி, கொசுவர்த்தி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தக் கருமையைப் பார்த்தால் வீட்டில் உண்டு என்றே படுகிறது. புகை ஃபில்டர் வலையில் நிற்காது. உள்ளே போய் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிற தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கமான வாட்டர் சர்வீஸில் முன்னாலிருந்து காயிலுக்குத் தண்ணீர் அடிப்பார்கள்; ப்ளோவருக்கு அது சரியாகப் போய்ச் சேராது. அதற்கு உருளையைக் கழற்ற வேண்டும், அல்லது பை கட்டி, கெமிக்கல் தெளித்து, கையால் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை, ஆகவே செய்வதில்லை.

முதல் படத்தில் இன்னொன்று. இண்டோருக்கு மேலே ஜிப்சம் சீலிங்கின் விளிம்பு இரண்டு விரல் இடைவெளியில் நிற்கிறது. ஸ்ப்ளிட் ஏ.சி. காற்றை மேலேயிருந்துதான் உள்ளிழுக்கும். பெரும்பாலான கம்பெனிகள் மேலே 10 முதல் 15 செ.மீ. இடம் கேட்கின்றன. இதோடு 18 டிகிரியையும் லோ ஃபேனையும் சேர்த்துப் பாருங்கள். மெஷின் ராத்திரி முழுக்க முழு மூச்சாக ஓடுகிறது, காயில் மேல் காற்று மட்டும் போகவில்லை. உறையாமல் என்ன செய்யும்?

உறையாமல் தடுக்கக் காயிலில் ஒரு சின்ன சென்சார் உண்டு. காயில் மிகவும் குளிர்ந்தால் அது கம்ப்ரெஸரை நிறுத்திவிட வேண்டும். உங்கள் வீட்டில் நிறுத்தவில்லை. சர்வீஸின்போது அதைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சரியாகச் செருகாமல் விடுவது சாதாரணமாக நடக்கும். வருகிறவரிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பார்க்கக்கூடியது

பனி முழுக்கக் கரையட்டும். கத்தி, ஸ்குரூட்ரைவர் எதையும் காயில் பக்கம் கொண்டுபோக வேண்டாம், குழாய் ஓட்டையானால் அவர் சொன்ன பொத்தல் நிஜமாகிவிடும். கரைந்த பிறகு ஃபேன் 'ஹை', 18 டிகிரி, கதவு ஜன்னல் மூடி இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். மேலே காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு அளவு, கீழே வெளியே வருகிற இடத்தில் ஒரு அளவு. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரிக்குள் இருந்து காற்றும் பலமாக இருந்தால் மெஷின் நலம். காற்று மெலிவு, வித்தியாசம் மட்டும் 15-ஐத் தாண்டுகிறது என்றால் காற்றோட்டக் கோளாறு. காற்று பலமாக அடித்தும் வித்தியாசம் 4, 5 டிகிரிதான் என்றால் அப்போது கேஸையோ கம்ப்ரெஸரையோ சந்தேகிக்கலாம். மழை நாளிலும், அறையை அப்போதுதான் மூடியிருந்தாலும் ஈரம் அதிகமாகி வித்தியாசம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு சோதனை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். காற்று சட்டென்று கூடினால் அடைப்பு ஃபில்டரில். கூடவில்லை என்றால் ப்ளோவரில், காயிலில், அல்லது அந்தச் சீலிங் விளிம்பில். பிறகு ஃபில்டரை மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

சர்வீஸ்காரரிடம் கேட்க வேண்டியது

புது ஆளைக் கூப்பிடும்போது போனிலேயே கேளுங்கள்: "அண்ணா, எடை மிஷின், வேக்யூம் பம்ப், நைட்ரஜன், கேஸ் ரெக்கவரி மிஷின் எல்லாம் கொண்டு வருவீங்களா?" தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். வந்தவர் முதலில் ப்ளோவரையும் காயிலையும் சுத்தம் செய்யட்டும். அன்றைக்குக் கேஸைத் தொட வேண்டாம். இரண்டு ராத்திரி ஓட்டிப் பார்த்த பிறகும் தடிமனான குழாயில் பனி பிடித்தால்தான் அடுத்த கட்டம்.

அது இப்படி: உள்ளே இருக்கும் கேஸ் முழுவதையும் ரெக்கவரி சிலிண்டரில் இழுத்து எடை போட வேண்டும். நீங்கள் அனுப்பிய நாலாவது படத்தில், அவுட்டோரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஆர்-32 என்று போட்டு 0.78 கிலோ என்றிருக்கிறது. நிறுவும்போது குழாய் நீளம் கூடியிருந்தால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்று கையேட்டில் ஒரு கணக்கு இருக்கும், அதையும் சேருங்கள். வெளியே வந்தது அதைவிட அதிகம் என்றால் பெரும்பாலும் ஒழுக்கே இல்லை. மூன்று வருஷமாக நிறைந்த பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறார்கள். குறைவாக வந்தால் நான் மேலே சொன்னதில் ஒரு பகுதி தவறு, உங்கள் வீட்டில் நிஜமாகவே ஒழுக்கும் இருக்கிறது. அப்போதும் நேராகக் காயிலுக்குப் போக வேண்டாம். நைட்ரஜன் ஏற்றி, இண்டோர், அவுட்டோர் இரண்டு பக்கமும் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தால் பாதிக் குற்றவாளிகள் அங்கேயே பிடிபடுவார்கள். நட்டைப் புதிதாக ஃப்ளேர் செய்து முடுக்கினால் சில நூறு ரூபாயோடு முடியும். கடற்கரை உப்புக் காற்றும் சாக்கடை வாயுவும் காயில் குழாயை அரிப்பது உண்மைதான். அப்படியென்றால் குமிழி வருகிற இடத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒழுக்கை அடைத்தபின் வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். வேக்யூம் கேஜில் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே போய் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு சிலிண்டரை எடை மிஷினில் வைத்து 0.78 கிலோவும், குழாய்க் கூடுதல் இருந்தால் அதுவும். ஒரு கை கூட்டியும் வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயு, காற்றைவிடக் கனமானது. உள்ளே கேஸ் இருக்கும்போது வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. வேலை முடியும்வரை மாமியாரை வேறு அறைக்கு மாற்றி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இரண்டாவது, பிரஷர் சோதனைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆக்ஸிஜன் கம்ப்ரெஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அளவுக்கு மேல் கேஸ் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். கொதிக்காத திரவம் கம்ப்ரெஸருக்குள் போய் எண்ணெயைக் கரைக்கும். பிற்பகல் வெயிலில் அவுட்டோர் அழுத்தம் ஏறி கரண்டு கூடும், இ.பி. பில்லும் கூடும். குறையைப் போலவே மிகையும் கம்ப்ரெஸரைக் கொல்லும்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

நான் வக்கீல் இல்லை, ஆனால் இது போன்ற புகார்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு எழுதிக் கொடுத்த பழக்கம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷக் கெடுவால், முதல் பில்லைச் சேர்க்க முடியுமா என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் சாட்சியத்தில்தான். உங்கள் பில்லில் எத்தனை கிராம் ஏற்றினார் என்று எழுதவே இல்லை. அதனால்தான் வெளியே எடுத்த கேஸின் எடை முக்கியம்: எடை மிஷின் காட்டும் எண்ணைப் படம் எடுத்து, வேலை செய்தவர் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். 0.78-ஐத் தாண்டிய எடை ஒன்றே உங்கள் பக்கம் பேசும். அதை வைத்து முதலில் சர்வீஸ்காரரிடமே கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 9,000 ரூபாய்க்காக ஆணையம்வரை அலைவதா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

அதற்கு முன் வாரண்டி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரெஸருக்குப் பத்து வருஷம் என்று இருந்தாலும் காயிலுக்கும் கேஸுக்கும் தனிக் கணக்கு. வெளியாள் கை வைத்ததைக் காட்டிக் கம்பெனி மறுக்கப் பார்க்கும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

2 டன் பற்றி

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: 120 சதுர அடிக்கு 1.5 டன்னே தாராளம். சென்னையில் ஏ.சி.யின் வேலையில் கணிசமான பங்கு காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவது. ஒரு லிட்டர் தண்ணீர் பிரிய ஏறக்குறைய 0.68 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தை இழுக்க வேண்டும். பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஈரம் அப்படியே தங்கும். குளிரும் புழுக்கமும் சேர்ந்த அந்த நிலை முடியாதவர்களுக்கு நல்லதல்ல. அதே சீலிங் விளிம்புக்குக் கீழே, அதே புகையில் மாட்டினால் 2 டன்னும் உறையும்.

சர்வீஸ்காரர் வரும்வரை இரவில் 26 டிகிரி, ஃபேன் 'ஹை', ஷட்டரை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். காற்று கூரையை ஒட்டிப் போகும், மாமியார் மேல் படாது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும். இண்டோரைச் சீலிங்கிலிருந்து கீழே இறக்கி மாட்டுவது இரண்டு மணி நேர வேலைதான், குழாய் நீளம் எட்டுமா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸை வெளியே எடுக்க வேண்டி வந்தால், எடை எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். காயில் பற்றிய யோசனையை அந்த எண்ணைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.